விளக்கு ஏந்திய கையில் ஒரு கணக்கு நோட்டு



ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நம் எல்லோர் மனசிலும் ஒரே படம்தான் வந்து நிற்கும். நள்ளிரவு, நீளமான வார்டு, இருபுறமும் காயம்பட்ட சிப்பாய்கள், நடுவில் கையில் விளக்கோடு நடந்து வரும் ஒரு பெண்மணி. அந்த விளக்குகூட நாம் படத்தில் பார்க்கிற மாதிரி அகல் விளக்கு கிடையாது. துருக்கி நாட்டில் புழங்கிய மடக்கு விளக்கு அது. ஓவியர்கள்தான் அழகுக்காக மாற்றிவிட்டார்கள்.

விளக்கைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. இந்த ஆண்டு மலரில் நான் சொல்ல வந்தது, அந்த அம்மையாரின் இன்னொரு கையில் இருந்த கணக்கு நோட்டைப் பற்றி.

ஏன் என்றால், நாளைக்கு நாமெல்லாம் டிப்ளமோவை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகப் போகிறோம். நம்மில் ஒருவர் லேபில் ரத்தம் பரிசோதிப்பார். ஒருவர் மானிட்டரும் வென்டிலேட்டரும் சர்வீஸ் பண்ணுவார். ஒருவர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் ஆக்சிஜன் பைப்லைனைப் பார்ப்பார். ஒருநாள் அங்கே ஏதாவது தப்பு நடந்துவிட்டால்? முதல் கேள்வி என்னவாக இருக்கும்? டியூட்டியில் யார் இருந்தது என்பதுதான். மிஷின் பழசா, ஆள் போதுமா, தொடர்ந்து எத்தனை ஷிப்ட் பார்த்தார், கேட்ட பொருள் ஸ்டோரிலிருந்து வந்ததா என்பதெல்லாம் பிற்பாடுதான் வரும், சில சமயம் வராமலே போகும். இந்தக் கேள்விகளை முதலில் கேட்கப் பழக்கியவர்களில் ஒருவர் நைட்டிங்கேல். அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்தில் பார்ப்போமா?

வசதியான வீடு, வேண்டாத வேலை

1820 மே 12-ஆம் தேதி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்துப் பணக்காரர்கள், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் குழந்தை பிறந்தது. ஊர்ப் பெயரையே பெண்ணுக்கும் வைத்துவிட்டார்கள். ஒரு வருஷம் முன்னால் நேப்பிள்ஸ் நகரத்தில் பிறந்த அக்காவுக்கு அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி. நல்லவேளை, நம் ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் பரவவில்லை!

அப்பா வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் படித்த மனிதர். இரண்டு மகள்களுக்கும் தானே லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஃபிளாரன்ஸுக்கு அது போதவில்லை, கணக்குப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்தப் போகிற பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்பது அம்மாவின் வாதம். கடைசியில் பிடிவாதம்தான் ஜெயித்தது. அந்தக் கணக்குப் பாடம் பின்னாளில் பல ஆயிரம் உயிரைக் காப்பாற்றும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

1845-ல் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகப் போகிறேன் என்றார். வீடே அதிர்ந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்ற கெட்ட பெயர். பயிற்சி கிடையாது, கௌரவமும் கிடையாது. சம்பளம் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக எதுவும் இல்லை. அனுமதி கிடைக்கவில்லை. ஆறு வருஷம் காத்திருந்து, 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். நல்ல இடத்து வரன் வந்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நர்ஸின் கால்களுக்கு ஒரு லிஃப்ட்

1853 ஆகஸ்டில் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனைக்குப் பொறுப்பாளர் ஆனார். வயது 33. சம்பளம் இல்லை, அப்பா கொடுத்த பணத்தில் செலவு. அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? நம்ம பாலிடெக்னிக் ஆசாமிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

மாடி ஒவ்வொன்றுக்கும் சுடுதண்ணீர் குழாய் வழியாக வர வேண்டும் என்றார். சாப்பாடு கீழ்த்தளத்திலிருந்து மேலே போக, சுழற்றி இழுக்கிற ஒரு லிஃப்ட் வேண்டும் என்றார். நோயாளி மணியடித்தால், எந்த நோயாளி அடித்தது என்று நர்ஸ் பார்த்தவுடனே தெரிகிற மாதிரி அமைப்பு வேண்டும் என்றார். இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் மேஜை மேல் எரிகிற சிவப்பு லைட்டுக்குத் தாத்தா அதுதான்!

இதெல்லாம் ஆடம்பரத்துக்காகக் கேட்டதல்ல. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் மணிக்கும் மாடிப்படி ஏறி இறங்கியே ஒரு நர்ஸின் நாள் போய்விட்டால், நோயாளியை யார் கவனிப்பது? களைத்துப்போன ஆள் தப்புச் செய்வார். அப்புறம் கவனக்குறைவு என்று அவர் தலையில் பழி விழும். வேலைப்பளுவுக்கு முதல் மருந்து புத்திமதி இல்லை, வசதி என்பதை அவர் அன்றைக்கே கண்டுகொண்டார்.

இன்டென்ட் போட்டுக் காத்திருந்த ஆஸ்பத்திரி

1853-ல் தொடங்கிய கிரிமியப் போரில், அடுத்த வருஷம் பிரிட்டனும் பிரான்ஸும் துருக்கிப் பக்கம் சேர்ந்து ரஷ்யாவுடன் மோதின. காயம்பட்டவர்கள் கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்குடாரி பாளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே நடக்கிற கொடுமையை டைம்ஸ் பத்திரிகை எழுதியதும் லண்டனே கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலை அனுப்பினார். 1854 அக்டோபரில் 38 நர்ஸ்களோடு கிளம்பி, நவம்பர் 4-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்.

போனவுடன் வரவேற்பு இருந்தது என்று நினைக்காதீர்கள். ராணுவ டாக்டர்களுக்கு இந்தப் பெண்கள் வந்ததே பிடிக்கவில்லை. டாக்டர் கூப்பிட்டால் ஒழிய எந்த நர்ஸும் நோயாளியைத் தொடக் கூடாது என்று நைட்டிங்கேலே உத்தரவு போட்டுவிட்டார். கண்ணெதிரே ஆட்கள் துடிக்க, நர்ஸ்கள் உட்கார்ந்து கட்டுத்துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவே கொடுமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அவர் யோசித்தது வேறு. அனுமதி இல்லாமல் தொட்டு, அந்த நோயாளி இறந்துபோனால், நர்ஸ்கள்தான் கொன்றார்கள் என்று ஆகிவிடும். அதோடு எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சில நாட்களில் காயம்பட்டோர் வெள்ளமாக வந்து குவிய, டாக்டர்களே கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த எதிரி ஸ்டோர்ஸ்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஹேக்ஸா பிளேடுக்கு இன்டென்ட் போட்டு, கையெழுத்து வாங்கி, மறுபடி கையெழுத்து வாங்கி நிற்கிறோமே, அந்தக் கதைதான். சட்டை வந்து இறங்கியிருக்கும், ஆனால் அதிகாரிகள் குழு கூடிப் பார்த்தால்தான் கட்டைப் பிரிக்கலாம். அதுவரை நோயாளி கந்தையோடு கிடப்பார். சிப்பாய் தன் பையைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே மாற்றுத்துணி ஆஸ்பத்திரி தராது. போர்க்களத்தில் பையைப் போடச் சொன்னதே மேலதிகாரி என்பது அந்த விதிக்குத் தெரியாது.

நைட்டிங்கேல் சந்தைக்குப் போனார். பத்திரிகை திரட்டிய நிதியும் சொந்தப் பணமும் போட்டு சட்டை, துண்டு, சோப்பு, தட்டு, கரண்டி என்று வாங்கிக் குவித்தார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொதிகலன் வைத்து, துணி துவைக்க ஏற்பாடு செய்தார். கையோடு எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினார். என்ன கேட்டோம், என்றைக்குக் கேட்டோம், யார் தரவில்லை, நாம் என்ன வாங்கினோம் என்று ஒவ்வொன்றாக. அந்த நோட்டுதான் பின்னாளில் அவருக்குக் கவசம்.

கட்டடத்துக்கு அடியில் ஒளிந்திருந்த குற்றவாளி

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு கசப்பான உண்மை. இத்தனை செய்தும் அந்தக் குளிர்காலத்தில் ஸ்குடாரியில் சாவு குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது! 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்ற 100 பேருக்கு 42 பேர் என்ற வீதத்தில் இறந்தார்கள். நர்ஸ்கள் தூங்காமல் உழைத்தார்கள், நர்ஸ்களே காய்ச்சலில் செத்தார்கள். அப்படியும் பிணவண்டி நிற்கவில்லை.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் ஜான் சதர்லாண்ட் அதில் முக்கியமானவர். கூடவே ஒரு சிவில் இன்ஜினீயர், பெயர் ராபர்ட் ராலின்சன். சிவில் பிராஞ்ச் நண்பர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் தோண்டிப் பார்த்தபோது என்ன தெரிந்தது? அந்தப் பிரம்மாண்டமான கட்டடம் அடைத்துப்போன சாக்கடை மேல் உட்கார்ந்திருந்தது. கழிப்பிடக் காற்று நேராக வார்டுக்குள் வந்தது. குடிக்கிற தண்ணீர் வருகிற வாய்க்காலில் ஒரு செத்த குதிரை கிடந்தது!

சாக்கடையைக் கழுவினார்கள், தண்ணீர் வழியைச் சுத்தம் பண்ணினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் சாவு வீதம் 100-க்கு 2 சொச்சம். வெயில் வந்ததும், நோயாளிக் கூட்டம் குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் சாக்கடையின் பங்கை யாரும் மறுக்க முடியவில்லை.

நண்பர்களே, கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மார்ச் மாதத்துக்கு முன்னால் ஒரு சிப்பாயின் அம்மா வந்து, என் பிள்ளை யார் கையில் செத்தான் என்று கேட்டிருந்தால், எல்லோரும் அந்த வார்டு நர்ஸைத்தான் காட்டியிருப்பார்கள். கடைசியாகத் தண்ணீர் கொடுத்தது அவள்தானே! அவள் கொடுத்த தண்ணீரில் விஷம் கலந்தது கட்டடத்தைக் கவனிக்காதவர்கள் என்பதை, ஒரு இன்ஜினீயர் தோண்டிய பிறகுதான் உலகம் தெரிந்துகொண்டது.

உத்தரவில் விட்டுப்போன ஒரு வார்த்தை

1855 மே மாதம் போர்முனைக்கே, கிரிமியாவில் இருந்த பாலக்ளாவாவுக்குப் போனார். போன இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்து சாவின் வாசல்வரை போய் வந்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க உடம்பு தேறவே இல்லை.

அங்கே இன்னொரு தலைவலியும் காத்திருந்தது. அவருடைய நியமன உத்தரவில் துருக்கியில் உள்ள ஆஸ்பத்திரிகள் என்று எழுதியிருந்தது. கிரிமியா துருக்கியில் இல்லையே! தலைமை ராணுவ மருத்துவர் ஜான் ஹால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இங்கே இவருக்கு அதிகாரம் இல்லை என்று சாதித்தார். ஆனால் ஏதாவது தவறு நடந்தால் மட்டும் நைட்டிங்கேலின் நர்ஸ்கள் என்று பெயர் வரும்! பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை. 1856 வசந்தத்தில் அவருக்கும் அவருடைய நர்ஸ்களுக்கும் சில நாட்கள் ரேஷனே தராமல் இழுத்தடித்தார்கள். முன்யோசனையாகக் கையோடு கொண்டுபோன சாமான்களை வைத்துச் சமாளித்தார்.

அவர் அழுது புலம்பவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1856 மார்ச் 16-ஆம் தேதி, ராணுவ ஆஸ்பத்திரிகளின் நர்ஸ்கள் எல்லோருக்கும் அவரே தலைவர் என்று எழுத்து மூலமான பொது உத்தரவு வந்தது. போர் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி! இருந்தாலும் அந்தக் காகிதத்தை வாங்காமல் அவர் விடவில்லை. நம் வேலையின் எல்லை எதுவரை என்பது வாய்ச்சொல்லாக இருந்தால், பாராட்டு வரும்போது எல்லை சுருங்கும், பழி வரும்போது விரியும். இது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு.

கிராஃப் ஷீட்டில் ஒரு போர்

1856 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். ஊர்வலம், மேளதாளம் எல்லாம் தயாராக இருந்தது. மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து யாருக்கும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தார். செத்துப்போனவர்களின் நினைப்பு அவரை விடவில்லை. அழுவதோடு நிறுத்திக்கொள்கிற சுபாவம் அவருக்கு இல்லை, எண்ண ஆரம்பித்தார்.

வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணர் துணைக்கு வந்தார். ராணுவ ஆவணங்களைப் புரட்டி மாதவாரியாகக் கணக்கு எடுத்தார்கள். போர்க்காயத்தால் செத்தவர்களைப் போலப் பல மடங்கு பேர், தடுத்திருக்கக் கூடிய நோயால் செத்திருந்தார்கள். வெறும் டேபுலர் காலம் போட்டால் மந்திரிகள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே 1858-ல் ஒரு வட்ட வரைபடம் போட்டார். பன்னிரண்டு மாதமும் விசிறி மடிப்பு மாதிரி விரிந்திருக்கும். தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. நீலம் பெருத்து வழியும், சிவப்பு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்! அதே வருஷம் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினர் ஆக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவர்தான்.

ரெக்கார்டு நோட்டு எழுத அலுத்துக்கொள்கிற நாம் இதை யோசிக்க வேண்டும். அந்தப் படம் எந்தத் தனிமனிதரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. முறை கெட்டிருந்தால் நல்லவர்கள் கையிலும் ஆட்கள் சாவார்கள் என்பதை நிரூபித்தது. கிணற்றில் விஷம் இருக்கிறபோது வாளியை அடித்து என்ன பயன்?

நம் நாட்டுக்கும் இந்தக் கணக்கு வந்தது. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆண்டுக்கு 1000-க்கு 69 பேர் வீதம் இறக்கிறார்கள் என்று 1863-ல் வெளியான அரச விசாரணைக் குழு அறிக்கைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. பாளையம் பாளையமாகக் கேள்வித்தாள் அனுப்பி, படுக்கையில் கிடந்தபடியே பதில்களைப் படித்துத் தொகுத்தார்.

தன் சொந்த வார்டைத் தானே மூடியவர்

மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மாணவிகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, வருஷத்துக்கு 10 பவுன் படி. ஒவ்வொருவர் பெயரிலும் மாதாமாதம் நடத்தைக்கும் தொழில்திறமைக்கும் தனித்தனியாக மதிப்பெண். இன்டர்னல் மார்க் அப்போதே வந்துவிட்டது, பாருங்கள்!

அங்கே படித்த ஆக்னஸ் ஜோன்ஸ் 1865-ல் லிவர்பூல் ஏழைகள் விடுதி ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸாகப் போனார். நோயாளிகள் 1200-க்கு மேல். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 12 பேர். இரவும் பகலும் பார்த்த அந்தப் பெண் 1868 பிப்ரவரியில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 35. அந்த ஆஸ்பத்திரியை அவர் மாற்றிக் காட்டியது உண்மை. அதற்கு அவர் உயிரை விலையாகக் கொடுத்ததும் உண்மை. நைட்டிங்கேல் நெகிழ்ந்து புகழ்ந்தார். ஆனால் தியாகம் என்று புகழ்ந்துவிட்டால் ஆள் பற்றாக்குறை தீருமா? இந்தக் கேள்வி அவருடைய புகழுரையில் முழுசாகப் பதில் பெறவில்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு சம்பவத்தில் அவர் நூற்றுக்கு நூறு. அவருடைய நிதியில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் பிரசவ வார்டு ஒன்று நடந்தது. அங்கே தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறக்க ஆரம்பித்தார்கள். ஒரு மருத்துவச்சியைப் பிடித்து, உன் கை சுத்தமில்லை என்று வேலையை விட்டு நீக்கிக் கணக்கை முடித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. 1867-ல் வார்டையே மூடினார். பல ஊர்ப் பிரசவ விடுதிகளின் கணக்கை வரவழைத்தார். வீட்டில் பிரசவித்த பெண்களைவிட விடுதிகளில் பிரசவித்தவர்கள் பல மடங்கு அதிகமாக இறப்பதை 1871-ல் புத்தகமாகவே போட்டார். தன் பெயரில் நடந்த இடத்தின் தோல்வியைத் தானே அச்சடித்து விற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றுதான் அவர் வெகுநாள் நம்பினார். கிருமி பற்றிய பேச்சை உடனே ஏற்கவில்லை. காரணம் தப்பு, ஆனால் எண்ணிக்கை சரி. ஆகவே போன வழியும் பெரும்பாலும் சரியாகவே அமைந்தது.

அவர் எதிர்த்த பதிவேடு

கடைசியாக ஒரு விஷயம். பெரியவர்கள் எல்லாவற்றிலும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

1887-ல் எத்தல் ஃபென்விக் என்ற முன்னாள் தலைமை நர்ஸ் பிரிட்டிஷ் நர்ஸ்கள் சங்கத்தை ஆரம்பித்தார். டாக்டர்களுக்கு இருப்பது போல நர்ஸ்களுக்கும் அரசுப் பதிவேடு வேண்டும், பயிற்சி இல்லாதவர் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது கோரிக்கை. எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? நைட்டிங்கேல்! பரீட்சை எழுதிப் பெயர் பதிந்துவிட்டால் நல்ல நர்ஸ் ஆகிவிட முடியாது, குணத்தைப் பரீட்சையில் அளக்க முடியாது, ஒருமுறை பதிந்த பெயர் பத்து வருஷம் கழித்தும் அதே தரத்தைக் காட்டாது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதிவேடு இல்லாத நர்ஸுக்கு, தான் யார் என்று நிரூபிக்க மேலதிகாரி தருகிற நற்சான்றிதழ் ஒன்றுதான் கதி. மேலதிகாரி கோபித்தால் வாழ்க்கை முடிந்தது. பதிவு இருந்தால் அவள் ஒரு தொழிலர். அவளை நீக்க விசாரணை வேண்டும், அவள் பேச்சையும் கேட்க வேண்டும்.

1901-ல் நியூசிலாந்து முதலில் சட்டம் போட்டது. பிரிட்டனில் 1919-ல் வந்தது. அதைப் பார்க்க நைட்டிங்கேல் இல்லை. நம் சென்னை மாகாணத்தில் 1926-ல் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. லேப் டெக்னீஷியன், ரேடியோகிராஃபர் போன்றவர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமோ 2021-ல்தான் வந்தது. நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவே எத்தனை வருஷ இடைவெளி, பாருங்கள்!

நமக்கு என்ன இருக்கிறது?

சட்டம் இன்று நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998-ல் ஒரு குழந்தைக்குத் தவறான ஊசி போடப்பட்ட வழக்கில், ஊசி போட்டது நர்ஸ்தான் என்று சொல்லி மருத்துவமனை நழுவ முடியாது, ஊழியரின் தவறுக்கு நிர்வாகமும் பொறுப்பு என்று உறுதியானது. 2005-ல் இன்னொரு தீர்ப்பு. சிகிச்சையில் நடக்கிற சாதாரணப் பிழை எல்லாம் குற்ற வழக்கு ஆகாது, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் ஆகும் என்றது.

நஷ்டஈட்டு வழக்குக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு, இன்டெம்னிட்டி பாலிசி என்பார்கள். வழக்குச் செலவையும், தீர்ப்பாகும் நஷ்டஈட்டையும் பாலிசித் தொகைவரை அது ஏற்கும். குடித்துவிட்டு டியூட்டி பார்த்தாலோ, வேண்டுமென்றே கெடுதல் செய்தாலோ கைவிட்டுவிடும். வேலைக்குச் சேரும்போது நிர்வாகம் எடுத்திருக்கிற பாலிசியில் நம்ம பதவியும் அடங்குகிறதா என்று கேட்க வெட்கப்படக் கூடாது.

ஆனால் எந்தப் பாலிசிக்கும் முந்திய பாதுகாப்பு நம்ம கையில் இருக்கிறது. லாக் புக்கில் நேரத்தோடு எழுதுவது. மிஷின் பழுது என்றால் வாயால் சொன்னதோடு விடாமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குவது. பழகாத வேலையைச் செய்யச் சொன்னால், எனக்குப் பயிற்சி இல்லை சார் என்று மரியாதையாகச் சொல்வது. தவறு நடந்தால் மறைக்காமல் உடனே தெரிவிப்பது, நோயாளிக்கு அதுதான் முதல் உதவி. நடந்த பிறகு பழைய பக்கத்தைத் திருத்துவது மட்டும் கூடவே கூடாது. ஒரு திருத்தம் பத்து உண்மையைச் சாகடிக்கும்.

நைட்டிங்கேல் 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற பெரிய விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, 90 வயதில் காலமானார். அரசர்களும் அறிஞர்களும் அடக்கமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்துச் சர்ச்சில் குடும்பக் கல்லறை. கல்லில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகளும் தேதிகளும்தான்.

அவருடைய 200-ஆவது பிறந்த ஆண்டான 2020-ஐ உலக சுகாதார நிறுவனம் நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்குமான ஆண்டாக அறிவித்திருந்தது. அதே வருஷம் கொரோனா வந்தது. மொட்டை மாடியில் நின்று கைதட்டினோம், விளக்கும் ஏற்றினோம். நல்லதுதான். ஆனால் பாதுகாப்பு உடை போதவில்லை என்று எழுதி வைத்த நர்ஸின் நோட்டை எத்தனை பேர் படித்தோம்?

மே 12 வந்தால் நர்ஸ்கள் தினம். அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, எந்த ஆஸ்பத்திரியில் எந்த மிஷின் பக்கத்தில் வேலைக்கு நின்றாலும், முதல் நாளே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதி போடுங்கள்.

வாழ்க டெக்னீஷியன் குலம்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!